வியாழனுக்குள்

ஆகஸ்ட் மூன்றாம் தேதி
வகானாவின் ஏசி ஒருமுறை இருமியது,
அப்புறம் பேச்சில்லை.
கம்பெனிக்குப் போன் போட்டோம்.
வியாழனுக்குள் ஆள் வருவார் என்றது
வெயிலே படாத ஒரு குரல்.
அன்று ஞாயிறு.

ஒசாகா. மூன்றாம் மாடி. மேற்கு பார்த்த ஜன்னல்.
அலமாரியில் போன வருஷத்துப் பிறந்தநாள் மெழுகுவர்த்தி
இடுப்பு வளைந்து எங்களுக்கு வணக்கம் சொன்னது.
பதிலுக்குக் குனிந்து
செருப்பை மாட்டிக்கொண்டோம்
நானும் வகானாவும் தோமோகியும்
இரவு ஷிஃப்ட் முடித்து இன்னும் தூங்காத மஞ்சிலாவும்.

முதலில் பெரிய கடையின் அடித்தளம்.
குளிர் அங்கே இலவசம்,
ஊறுகாய் கவுண்டரில் குச்சியில் குத்திவைத்த
கத்தரிக்காய்த் துண்டும் இலவசம்.
ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
நான்காம் சுற்றில் விற்பவர்
கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்:
மரியாதையா, இரக்கமா, தெரியவில்லை.
வெட்கத்தில் இருநூறு கிராம் வாங்கி
பாலத்தின் நடுவே நின்று
சோறில்லாமல், தட்டில்லாமல்
விரலால் தின்று தீர்த்தோம்.
"எங்க நேபாளத்து ஊறுகாய்க்கு
இது சொந்தமில்லை,
ஆனா நல்ல பக்கத்து வீடு"
என்றாள் மஞ்சிலா.

திங்கட்கிழமை ரயில்.
தென்மாவில் ஏறி
அடுத்த நிலையத்துக்குச் சீட்டெடுத்து
எதிர்த்திசையில் ஊரையே ஒரு வளையம் வந்தோம்.
ஒரு நிமிஷத்தில் போகிற இடத்துக்கு
முக்கால் மணி நேரம் குளுகுளுவென்று.
கூரைகள், கொடியில் காயும் பேஸ்பால் சட்டைகள்,
மொட்டைமாடியில் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றும்
உள்பனியன் மனிதர்.
கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி வகானா:
"ஆறு வருஷமா இங்க இருக்கேன்.
ஆபீஸ், ஏசி. ஏசி, ஆபீஸ்.
இவ்வளவு ஊர் இருக்குன்னு
யாரும் சொல்லவே இல்லையே."
யாரும் பதில் சொல்லவில்லை.
தோமோகி மட்டும்
தன் பையிலிருந்த உறைந்த ஆரஞ்சை
அவள் கையில் வைத்தான்.

செவ்வாய் மழை. நனைந்தோம். அவ்வளவுதான்.

இல்லை, அவ்வளவு இல்லை.
கடைவீதிக் கூரைக்குக் கீழே ஒதுங்கிய இடத்தில்
தாக்கோயாக்கி வார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பணியாரக் குழிபோல் குழி,
மாவு புரளும் சத்தம்,
மேலே போட்ட மீன் சீவல் ஆவியில் நெளிய
பொறுமை போயிற்று.
தோமோகி ஒன்றை முழுசாய்ப் போட்டு
வாயைத் திறந்து வானம் பார்த்து
ஹா ஹா என்று ஊதிக்கொண்டே
"சூடே இல்லை" என்றான்.
மஞ்சிலா உள்ளிருந்த ஆக்டோபஸை
ஒவ்வொன்றாய்த் தோண்டி
அவன் தட்டுக்கு இடம் மாற்றினாள்.
எட்டு உருண்டை, எட்டுத் துண்டு,
கணக்கு எழுதாத கடன்.

இரவுகளில் பொதுக் குளியலறை,
பிறகு ஆற்றங்கரை.
ஈரத் தலையோடு அவரைக்காய் போன்ற எடமாமேயை
உப்போடு உறிஞ்சி, தோலை ஒரே பையில் சேர்த்து,
பீர் டின்னைக் கழுத்தில் வைத்துக்கொண்டு
உலகத்தில் எதற்கும் தீர்வு காணாமல்
ஒருமணி வரை பேசினோம்.

புதன்.
நாகாட்சாகித் தெருவில் ஒரு சின்னக் கடை,
கையால் சுற்றும் இரும்பு யந்திரம்,
ஐஸ் சீவல் குவியலாய் விழ விழ
நாற்பது நிமிஷ வரிசை.
நெற்றி வலிக்க வலிக்கத் தின்றுவிட்டுத் திரும்பினால்
கதவிடுக்கில் ஒரு சீட்டு.

"இன்றே வந்தேன். வீட்டில் யாருமில்லை.
வருத்தம் தெரிவிக்கிறோம்.
அடுத்து வர இயலும் நாள்: பதினொன்று."

வகானா இரண்டு முறை படித்தாள்.
போனை எடுத்தாள்.
திட்டப் போகிறாள் என்று நினைத்து
சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த தோமோகி
கைகுவித்து அவளைப் பார்த்தான்.

"அவசரமே இல்லைங்க" என்றாள் மெதுவாக,
"பதினெட்டாம் தேதி வந்தாலும் போதும்."

தோமோகி அலறினான்.
அவள் சிரித்தாள்.
நாக்கு இன்னும் நீலமாயிருந்தது.